நிரலாளர் வட்டங்களில் கண்மூடித்தனமான ஆர்வம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடித்து மென்பொருள் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லித்தருகிறேன். எந்த ஊர், எந்த பேட்ச் என்றாலும், புரோகிராமிங் மொழிகள், கருவிகள் மேல் வரும் ஆர்வத்தைப் பற்றிச் சில சந்தேகங்கள் மாறாமல் வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். முதலில் வருபவை புதியவர்களுக்கு. பின்னால் வருபவை டீமில் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு.

ஒரு லாங்குவேஜ் மேல ஆசையா இருக்கறது நல்லதுதானே அக்கா? அதுல என்ன தப்பு?

தப்பே இல்லை. சம்பளம் வாங்காமல் லைப்ரரி எழுதுகிறவர்கள், ஆவணத்தை மொழிபெயர்க்கிறவர்கள், முன்பின் தெரியாத ஒருவருடைய எரர் மெசேஜைப் படித்துப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் எல்லாரும் அந்த ஆசையால்தான் அதைச் செய்கிறார்கள். அது வற்றிவிட்டால் இந்தத் துறையில் பாதி வேலை நின்றுபோகும்.

"எனக்குப் பிடித்திருக்கிறது" என்பது "எல்லாருக்கும் இதுதான் சரி" என்று மாறும்போது சிக்கல் தொடங்குகிறது. அடுத்த படி, "குறை சொல்கிறவருக்கு விவரம் போதாது" என்பது. அந்தப் படிக்கு வந்த வட்டத்துக்குள் கெட்ட செய்தி வருவதே நின்றுவிடும். யாருக்கு எங்கே உடைந்தது என்று தெரியாமலேயே அடுத்த ஆளுக்கும் அதையே பரிந்துரைப்பார்கள்.

நான் இருக்கற குரூப் அப்படிப்பட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"இதை எங்கே பயன்படுத்தக் கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வட்டத்தில் உடனே நான்கைந்து பதில் வரும். மற்ற இடங்களில் மழுப்பல் வரும், அல்லது "ஏன் அப்படிக் கேட்கிறாய்" என்று திருப்பிக் கேட்பார்கள்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் தளத்தில் அது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஒரு பக்கமே இருக்கிறது. ஒரே சமயத்தில் பலர் எழுத வேண்டுமா, தரவு வேறொரு கணினியில் இருக்கிறதா, அப்படியானால் சர்வர் வகைத் தரவுத்தளத்தைப் பாருங்கள் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். மூல நிரலைப் போலச் சுமார் 590 மடங்கு சோதனை நிரல் வைத்திருக்கும் குழு அது. தன் பலம் தெரிந்திருப்பதால் எல்லையைச் சொல்ல அவர்களுக்குத் தயக்கமில்லை.

இன்டர்வியூல "உனக்குப் பிடிச்ச லாங்குவேஜ்ல என்ன குறை"ன்னு கேட்டாங்க. குறை சொன்னா மைனஸ் ஆகாதா?

ஆகாது. "குறையே இல்லை" என்பதுதான் மைனஸ். பைத்தான் என்றால் ஜிஐஎல் என்ற பூட்டைப் பற்றிப் பேசலாம். ஒரு புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) எத்தனை த்ரெட் (இணையாக ஓட்டும் வேலை இழை) வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் நிரலை ஓட்டும். கணக்கு நிறைந்த வேலைக்கு அது தடை. அந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் 3.13-உடன் சோதனை முயற்சியாக வந்தது. இந்த அளவுக்குச் சொன்னால் போதும், நீங்கள் அந்த மொழியில் நிஜமாக வேலை செய்தவர் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

லாங்குவேஜை உருவாக்கினவங்க எவ்வளவு பெரிய ஆளுங்க! அவங்களுக்குத் தெரியாத குறையா நமக்குத் தெரியப்போகுது?

அவர்களுக்கு நன்றாகவே தெரியும், சொல்லியும் இருக்கிறார்கள். கேட்காமல் இருப்பது ரசிகர்கள்தான். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

நல் ரெஃபரன்ஸ், அதாவது எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டி என்பதை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக வடிவமைத்தவர் கணினி அறிஞர் டோனி ஹோர். 2009-இல் லண்டனில் ஒரு மாநாட்டு மேடையில், அதைத் தன் நூறு கோடி டாலர் பிழை என்றார். செயல்படுத்துவது சுலபமாக இருந்ததால் சேர்த்தேன் என்று காரணத்தையும் சொன்னார். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை 2009-இல் தந்த ரயன் டால், 2018-இல் பெர்லினில் பேச எடுத்துக்கொண்ட பொருளே அதில் தான் வருந்தும் 10 விஷயங்கள். இன்று ஒவ்வொரு புராஜெக்டிலும் வீங்கிக் கிடக்கிறதே, வெளி லைப்ரரிகள் வந்து இறங்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர், அதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

கோ மொழியின் கதை இன்னும் தெளிவானது. 2009 நவம்பரில் வெளிவந்தபோது அதில் ஜெனரிக்ஸ், அதாவது பல வகைத் தரவுக்கும் ஒரே ஃபங்ஷனை எழுதும் வசதி, இல்லை. ஒரு பட்டியலில் மிகச் சிறியதைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை முழு எண்ணுக்கு ஒருமுறை, தசம எண்ணுக்கு ஒருமுறை, சரத்துக்கு ஒருமுறை என்று தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. "பின்னொரு நாள் சேர்க்கலாம், சிக்கலுக்கு ஈடான பலன் தரும் வடிவமைப்பு இன்னும் அகப்படவில்லை" என்ற பொருளில்தான் மொழியை உருவாக்கியவர்கள் தங்கள் தளத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் ரசிகர்களிடம் கேட்டவருக்குக் கிடைத்த பதில், "அது தேவையே இல்லை, நீ ஜாவா பழக்கத்தை விட முடியாமல் கேட்கிறாய்" என்பது. 2022 மார்ச்சில் 1.18 பதிப்பில் ஜெனரிக்ஸ் வந்தது. அதுவரை தேவையில்லை என்று வாதாடியவர்களில் பலர் மறுநாளே அதைக் கொண்டாடினார்கள். நடுவில் "நாம் சொன்னது தவறு" என்று ஒரு வரி வந்திருந்தால், விரட்டப்பட்ட சிலராவது திரும்பி வந்திருப்பார்கள்.

எங்க லாங்குவேஜ்ல யூனிகோட் சப்போர்ட் ஃபுல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா தமிழ்ப் பெயர் போட்டா ஆப் தப்பாக் காட்டுது. தமிழ்ல பிரச்சினையா, லாங்குவேஜ்லயா?

தமிழில் பிரச்சினை இல்லை. "ஃபுல்லா" என்ற சொல்லில்தான் பிரச்சினை. "தமிழ்" என்ற சொல்லைப் பாருங்கள். நமக்கு அது த, மி, ழ் என்று மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நீளம் கேட்டால் 5 என்று வரும். அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணினால் 15. ஸ்விஃப்ட் மொழியோ பயனர் கண்ணில் படும் எழுத்தை எண்ணி 3 என்று சொல்லும்.

கோபால் என்று ஒருவர் பதிவு செய்கிறார். பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்ட வேண்டும் என்று முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் "கோ" வராது, "க" வரும். அதே "தமிழ்" என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் வந்து தனியாகத் தொங்கும். இதைச் சுட்டிக்காட்டுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது". ஆங்கிலத்தில் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் வரும். ரஸ்ட் மொழியின் அதிகாரப்பூர்வப் பாடநூல் இந்த இடத்தில் நேர்மையாக இருக்கிறது. ஒரு இந்திச் சொல்லை எடுத்து, பைட், குறியீடு, எழுத்து என்று மூன்று விதமாக எண்ணிக் காட்டிவிட்டு, மூன்றாவது வசதி மொழியோடு சேர்ந்து வரும் எங்கள் லைப்ரரியில் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் மென்பொருள் எழுதுகிறவர் எந்த மொழியைத் தேர்ந்தாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அப்போ ரஸ்ட் பாதுகாப்பானதுன்னு சொல்றதும் வெறும் ஹைப்தானா?

இல்லை, அதற்குச் சான்று இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகளில் நினைவகம் சார்ந்தவை 2019-இல் 76 சதவீதம். 2024-இல் 24 சதவீதம் என்று கூகுள் வெளியிட்டது. பழைய சி, சி++ நிரலை மொத்தமாகத் தூக்கி எறிந்து இதைச் செய்யவில்லை. புதிதாக எழுதுவதை ரஸ்ட், காட்லின் போன்ற மொழிகளில் எழுதினார்கள், பழையதைப் பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். அதனால் "எல்லாவற்றையும் ரஸ்ட்டில் திருப்பி எழுது" என்று கோஷம் போடுகிறவர்களுக்கு இந்தச் சான்று முழுத் துணை தராது.

நினைவகப் பிழை போன்ற சில வகைப் பிழைகள் குறையும் என்றுதான் ரஸ்ட் வாக்களிக்கிறது, எல்லாப் பிழையும் போய்விடும் என்று அல்ல. வட்டியைத் தப்பாகக் கணக்கிடும் நிரலை ரஸ்ட்டிலும் எழுதலாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை ஏற்றுக்கொள்ளும். ஆர்வம் சான்றோடு வரும்போது சான்று எதுவரை செல்லும் என்று பாருங்கள், அதுவரை தாராளமாக நம்புங்கள்.

எந்த லாங்குவேஜ்ல பக் கம்மின்னு ரிசர்ச்சே இருக்காமே?

இருக்கிறது, அதற்கு மறுஆய்வும் இருக்கிறது. 2014-இல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் 729 புராஜெக்டுகளையும் 17 மொழிகளையும் எடுத்து ஒரு ஆய்வு வந்தது. அதில் 11 மொழிகளுக்குப் பிழையோடு தொடர்பு தெரிந்ததாகச் சொன்னார்கள். ஃபங்ஷன்களை மையமாக வைத்த ஃபங்ஷனல் மொழிகளின் ரசிகர்களும், தரவு வகையைக் கறாராகச் சோதிக்கும் டைப் சிஸ்டத்தின் ரசிகர்களும் தங்களுக்குச் சாதகமாக அதை ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினார்கள். 2019-இல் வேறொரு குழு அதே தரவை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. பெரும்பாலான முடிவுகள் நிற்கவில்லை. நான்கு மொழிகளுக்கு மட்டுமே தொடர்பு மிஞ்சியது, அதுவும் மிகச் சிறிய அளவில்.

முதல் ஆய்வு பரவிய அளவுக்கு மறுஆய்வு பரவவில்லை. தனக்குச் சாதகமான ஆய்வுத் தாளைத் தேடி வைத்துக்கொள்வது எல்லாருக்கும் வரும் பழக்கம். அதே கையோடு எதிரான தாளையும் தேடிப் படிக்கும் பழக்கம் இந்தத் துறையில் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பெரிய கம்பெனி எல்லாம் மைக்ரோசர்வீஸ் போயிட்டாங்க. எங்க டீம்ல எட்டுப் பேர்தான். நாங்களும் போகணுமா?

எட்டுப் பேருக்குப் பெரும்பாலும் வேண்டாம். மைக்ரோசர்வீஸ் என்பது ஒரே மென்பொருளைத் தனித்தனியே ஓடும் சிறு சர்வீஸ்களாகப் பிரிப்பது. ஒரே நிரலுக்குள் ஃபங்ஷனைக் கூப்பிடுவது கிட்டத்தட்ட இலவசம். அதையே இரண்டு சர்வீஸாகப் பிரித்தால் நடுவில் நெட்வொர்க் வருகிறது. கூப்பிட்டது போய்ச் சேர்ந்ததா, பாதியில் நின்றதா, இரண்டு முறை நடந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரே டிரான்ஸாக்ஷனில் (முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது) முடிந்த வேலை இரண்டு தரவுத்தளங்களுக்கு நடுவே சமாளிக்கும் வேலையாகிவிடும். பல நூறு பேர் ஒரே நிரலில் மோதிக்கொள்ளும் இடத்தில் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. இந்தக் கருத்தைப் பரப்பியதில் முக்கியமானவரான மார்ட்டின் ஃபௌலரே 2015-இல், முதலில் ஒரே நிரலாகக் கட்டுங்கள் என்று எழுதினார். வெற்றி பெற்ற கதைகளில் ஏறக்குறைய எல்லாம் பெரிதாக வளர்ந்த ஒற்றை நிரலைப் பிரித்ததில் வந்தவை என்பது அவர் கண்டது. நான்காவது கேள்வியில் சொன்னதுதான் இங்கேயும்: சொன்னவர் எச்சரித்தார், பின்தொடர்ந்தவர்கள் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் இதே தவறைச் செய்யும். 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒலி ஒளித் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைத் துண்டுகளிலிருந்து ஒரே புராசஸாக மாற்றியதில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று எழுதியது. உடனே "அமேசானே மைக்ரோசர்வீஸைக் கைவிட்டது" என்று பரவிவிட்டது. மாறியது ஒரு கருவி. பிரைம் வீடியோ முழுவதும் ஒரே நிரலாகிவிடவில்லை.

ஓப்பன் சோர்ஸ்னா ஆயிரம் கண்ணு பார்க்குது, பக் தங்காதுன்னு சொல்றாங்களே?

மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் பார்த்தார்கள் என்று ஆகிவிடாது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பிழை 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில் நுழைந்தது. வெளியுலகுக்குத் தெரிந்தது 2014 ஏப்ரலில். அனுப்பியவர் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், ஒவ்வொரு முறையும் சர்வர் நினைவகத்திலிருந்து 64 கேபி வரை உருவ முடிந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அப்போது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. பெருமையாகச் சொல்லப்பட்ட அந்த நம்பிக்கையால், யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே யாருக்கும் தோன்றவில்லை.

குறை சொன்னா "உனக்குச் சரியா யூஸ் பண்ணத் தெரியல"ங்கறாங்க. சில நேரம் அது உண்மையாவும் இருக்குமே?

இருக்கும். பாதி நேரம் அதுதான் உண்மை. ஆனாலும், ஒரே இடத்தில் பலர் தப்பாகப் பயன்படுத்தினால் அந்த இடத்தில் வடிவமைப்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்தின் வரலாற்றை எல்லா மாணவருக்கும் சொல்கிறேன். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அது அளவுமீறிக் கதிர்வீச்சு தந்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு, மென்பொருளை நம்பியிருந்தார்கள். புகார் வந்தபோது, இந்த இயந்திரம் அளவுமீறித் தர வாய்ப்பே இல்லை என்றது தயாரிப்பாளர் தரப்பு. 1986-இல் டெக்சஸின் டைலர் நகர மருத்துவமனையில் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் உட்கார்ந்து, திரையில் பதிந்ததை எட்டு நொடிக்குள் வேகமாகத் திருத்தினால் பிழை வருகிறது என்று தாங்களே கண்டுபிடித்துக் காட்டினார்கள். பழகிய கை என்பதால்தான் அவ்வளவு வேகம் வந்தது. பிழையை வெளிக்கொண்டுவந்தது சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவருடைய கைதான்.

ஏஐ டூல் வந்ததுக்கு அப்புறம் எனக்கு வேலை வேகமா முடியுது. இதை நானே உணர்றேன். இதுலயும் சந்தேகமா?

உணர்வை நான் மறுக்கவில்லை. அளந்தீர்களா என்றுதான் கேட்கிறேன். எம்இடிஆர் என்ற ஆய்வு நிறுவனம் 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. தங்கள் சொந்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளில் நீண்ட அனுபவம் உள்ள 16 பேர், 246 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ உண்டா இல்லையா என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். தொடங்கும் முன் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்றார்கள் அவர்கள். முடித்த பிறகு 20 சதவீதம் மிச்சமானது என்றார்கள். கடிகாரம் காட்டியது, 19 சதவீதம் கூடுதல் நேரம்.

இதை வைத்து ஏஐ வீண் என்று சொல்லக் கூடாது. நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கோபைலட்டை வைத்து 95 பேரிடம் நடந்த முந்தைய சோதனை ஒன்றில், ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக ஒரு எச்டிடிபி சர்வர் எழுதும் வேலை 55.8 சதவீதம் வேகமாக முடிந்தது. வெற்றுத் தாளில் தொடங்கும் சின்ன வேலையும், பல ஆண்டு பழகிய பெரிய நிரலுக்குள் கைவைக்கும் வேலையும் வேறு வேறு. கருவிகளும் மாதாமாதம் மாறுகின்றன. என்னை உலுக்கியது, முதல் சோதனையில் அவர்கள் சொன்ன 20 சதவீத மிச்சத்துக்கும் கடிகாரம் காட்டிய 19 சதவீதக் கூடுதலுக்கும் நடுவே உள்ள தூரம்தான். வேலையைத் தானே செய்து முடித்தவருக்கே, வேகமா தாமதமா என்று தெரியவில்லை. "நானே உணர்றேன்" என்பதை இனி எந்தக் கருவிக்கும் ஆதாரமாக வைக்காதீர்கள். இரண்டு வாரம் ஒவ்வொரு வேலைக்கும், அதாவது டிக்கெட் வாரியாக, நேரம் எழுதி வையுங்கள், ரிவியூவில் திருத்திய நேரத்தையும் சேர்த்து.

நான் ஜூனியர், மேம். டெக் லீட்தான் வெறியரா இருக்கார். எப்படிப் பேசறது?

"இது தப்பு" என்று ஆரம்பித்தால் அன்றோடு முடிந்தது. "எது நடந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வோம் சார்?" என்று கேளுங்கள். ஜூனியர் தெரிந்துகொள்ளக் கேட்பதாகவே அது இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, நிரல் இருக்கும் ரெப்போவிலேயே வைக்கச் சொல்லுங்கள்: என்ன தேர்ந்தோம், எதை விட்டோம், இதனால் எது கஷ்டமாகும். ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட், கட்டமைப்பு முடிவுப் பதிவு) என்று இதற்குப் பெயர். 2011-இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த வடிவம். "எது கஷ்டமாகும்" என்ற பத்தி காலியாக இருந்தால் யாரும் யோசிக்கவில்லை என்று லீடுக்கே தெரிந்துவிடும்.

அதன் பிறகும் அவர் பிடிவாதமாக இருந்தால், முடிவு அவருடையது, நீங்கள் மனதார வேலை செய்யுங்கள்.

எதையும் சந்தேகப்படுன்னு நீங்க சொல்றதும் ஒரு மேட்டிமைத்தனம் இல்லையா?

சந்தேகமே அடையாளமாகிவிட்டால் ஆமாம். 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு ஃபோர்ட்ரான் மொழி வந்தபோது, மனிதன் கையால் எழுதும் இயந்திர நிரலுக்கு ஈடாக ஒரு கம்பைலர் எழுதிவிடாது என்று அனுபவசாலிகள் பலர் நம்பினார்கள். அவர்கள் முன்னால் தோற்றுவிடக் கூடாது என்பதற்காகவே ஜான் பேக்கஸின் குழு வேகமான நிரல் தருவதில் அவ்வளவு உழைத்தது. முயன்று பார்க்காமல் "இதெல்லாம் நாலு நாள் கூத்து" என்பதும், முயன்று பார்க்காமல் "இதுதான் எதிர்காலம்" என்பதும் ஒரே சோம்பல்.

நானும் புதியதைப் பார்த்தால் துள்ளுகிறவள்தான். துள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அதில் ஏதாவது கட்டுங்கள். திங்கட்கிழமை டீமுக்குச் சொல்லும்போது எங்கே இடறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தன்னைத்தானே சரிபார்த்துக்கற டீம்னா நடைமுறையில எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் சொல்லுங்க.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. தினசரி பேக்கப், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஐந்து வழியும் தோற்றதைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். அழித்தவரைக் குற்றவாளியாக்காமல், ஒரு கட்டளையால் இவ்வளவு நடக்கும்படி விட்டது எது என்று ஒவ்வொன்றாக "ஏன்" கேட்டு எழுதினார்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத் தங்கள் பேக்கப்பைச் சோதித்துப் பார்த்த டீம்கள் ஏராளம்.

நாங்க மாசம் ஒரு மீட்டப் நடத்துறோம். வர்ற எல்லாரும் அவங்க டூலைப் புகழ்ந்துட்டுப் போறாங்க. என்ன மாத்தலாம்?

பேச வருகிறவரிடம் முன்கூட்டியே ஒரு நிபந்தனை சொல்லுங்கள்: புரொடக்ஷனில், அதாவது நிஜப் பயனர்களுக்கு ஓடும் இடத்தில், உடைந்த ஒன்றையாவது காட்ட வேண்டும், சரிசெய்தாரா இல்லையா என்பது பரவாயில்லை. டெமோ மட்டும் வைத்திருக்கிறவர் அடுத்த மாதம் வரட்டும்.

இரண்டாவது, அந்தக் கருவியை விட்டு வெளியேறியவர் ஒருவரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது மேடையேற்றுங்கள். அவர் பேசி முடித்ததும் கேள்வி நேரத்தில் முதல் பத்து நிமிடம் அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளும் கேள்விகள் மட்டும், மறுப்பு அப்புறம் என்று நடத்துகிறவர் அறிவித்துவிட வேண்டும். புதிதாக வந்தவர்களின் கேள்வியைத் தாளில் எழுதி வாங்குங்கள். கையைத் தூக்கிக் கேட்கத் தயங்குகிறவர்களிடம்தான் "எனக்கு இது வேலை செய்யவில்லை" என்ற செய்தி நிறைய இருக்கும்.